சுவருக்குப் பின்னால் பதுங்கினால் தப்பிக்கலாமா? கான்கிரீட் பிளாக்கை எந்தத் தோட்டா துளைக்கும்?

ஹீரோ ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்குவார். வில்லன் கோஷ்டி சுட்டுத் தள்ளும். சிமெண்ட் தூள் பறக்கும், ஆனா ஒரு தோட்டாகூட இந்தப் பக்கம் வராது. சினிமாவில் நூறு முறை பார்த்த காட்சி இது.

நிஜத்தில் அப்படி நடக்குமா? சுவர் எதனால் கட்டியது, சுடுவது எந்தத் துப்பாக்கி என்பதைப் பொறுத்தது பதில். குறிப்பாக, காம்பவுண்ட் சுவர் முதல் கடை, குடோன் வரை எல்லாவற்றுக்கும் பயன்படும் ஹாலோ பிளாக், நாம் நினைக்கிற அளவுக்குப் பாதுகாப்பு தராது. ஏன் என்று பார்க்கலாம்.

காலிபர் என்றால் என்ன?

துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அளவுதான் காலிபர். .50 காலிபர் என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. நம்ம ஊர் போலீஸ் கையில் பல ஆண்டுகள் இருந்த 'த்ரீ நாட் த்ரீ' ரைஃபிள் 0.303 அங்குலம், அதாவது 7.7 மி.மீ.

எண் பெரிசா இருந்தா தோட்டாவும் ஆழமாகத் துளைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பயிற்சிக்குப் பயன்படும் .22 தோட்டாவும், ராணுவத்தின் 5.56 மி.மீ. தோட்டாவும் பருமனில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முதலாவதன் ஆற்றல் சுமார் 150 ஜூல், இரண்டாவதன் ஆற்றல் சுமார் 1,700 ஜூல். வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. எடை இரு மடங்கானால் ஆற்றல் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும்.

எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு ஆற்றல்? (தோராயமாக)

* 9 மி.மீ. பிஸ்டல்: எடை 8 கிராம், நொடிக்கு 360 மீட்டர், 500 ஜூல்
* .45 பிஸ்டல்: 15 கிராம், 255 மீட்டர், 490 ஜூல்
* 5.56 மி.மீ. ரைஃபிள்: 4 கிராம், 930 மீட்டர், 1,700 ஜூல்
* ஏகே-47 (7.62 x 39): 8 கிராம், 715 மீட்டர், 2,000 ஜூல்
* 7.62 x 51 ரைஃபிள்: 9.5 கிராம், 840 மீட்டர், 3,300 ஜூல்
* .50 கனரக இயந்திரத் துப்பாக்கி: 43 கிராம், 890 மீட்டர், 17,000 ஜூல்

ஹாலோ பிளாக் தாங்குமா?

16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 8 அங்குல அகலம் கொண்ட ஹாலோ பிளாக்கைப் பார்த்தால் தடிமனாகத் தெரியும். ஆனா நடுவில் இருப்பது வெறும் காற்று. அமெரிக்கத் தரத்தில் இந்த பிளாக்கின் முன் ஓடும் பின் ஓடும் தலா ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மி.மீ. அளவில்தான் இருக்கும்.

பிஸ்டல் தோட்டா பட்டால் பெரும்பாலும் முன் ஓட்டில் குழி விழும், விரிசல் ஓடும். ஓடு உடைந்தாலும், குண்டு நசுங்கி உள்ளேயே தங்கிவிட வாய்ப்பு அதிகம். ஆனால் அதே இடத்தில் அடுத்தடுத்து சுட்டால் பிளாக் பொலபொலவென்று கொட்டிவிடும்.

ரைஃபிள் என்றால் கதையே வேறு. கம்பி இல்லாத 2 அங்குல கான்கிரீட் சுவர் ஒரு 5.56 தோட்டாவைத் தடுத்துவிடும் என்கிறது அமெரிக்க ராணுவத்தின் நகர்ப்புறப் போர்க் கையேடு. ஹாலோ பிளாக்கின் இரண்டு ஓடுகளையும் சேர்த்தால் இரண்டரை அங்குலம். ஆனால் ஏகே-47, 7.62 x 51 தோட்டாக்கள் இரண்டு ஓடுகளையும் கடந்து மறுபக்கம் வரக்கூடியவை. .50 தோட்டாவுக்கு ஹாலோ பிளாக் ஒரு தடையே இல்லை.

தோட்டா வராவிட்டாலும் ஆபத்து

கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையைத் தாங்கும் சக்தியோ அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். தோட்டா மோதும்போது உண்டாகும் அதிர்வலை சுவருக்குள் ஓடி, பின்பக்கத்தைத் தொட்டதும் இழுவிசையாகத் திரும்புகிறது. அதனால் பின்பக்கக் கான்கிரீட் செதில்களாகப் பிய்ந்து தெறிக்கும். தோட்டா சுவருக்குள்ளேயே நின்றாலும், பின்னால் ஒட்டி நிற்பவரின் முகத்திலும் கண்ணிலும் இந்தத் துண்டுகள் பாயலாம்.

சோதனை எப்படி நடக்கிறது?

குண்டு துளைக்காத பொருட்களுக்கு அமெரிக்காவில் யூஎல் 752 என்ற தரம் பின்பற்றப்படுகிறது. இதில் 9 மி.மீ. பிஸ்டலில் தொடங்கி .50 ரைஃபிள் வரை பல நிலைகள் உண்டு. 7.62 ரைஃபிளுக்கே இரண்டு நிலைகள்: 5-வது நிலையில் ஒரு தோட்டா, 8-வது நிலையில் ஐந்து தோட்டாக்கள். ஒன்றைத் தாங்கும் சுவர் ஐந்தைத் தாங்கும் என்று சொல்ல முடியாது என்பதே காரணம்.

சோதனைப் பொருளுக்குப் பின்னால் ஒரு மெல்லிய அட்டை வைக்கப்படும். தோட்டா மட்டுமல்ல, தெறித்த துண்டு அந்த அட்டையைக் கிழித்தாலும் ஃபெயில்தான். ஒவ்வொரு முறையும் தோட்டாவின் வேகமும் கருவி மூலம் அளக்கப்படும்.

எந்தச் சுவர் தாங்கும்?

ஹாலோ பிளாக்கின் குழிகளில் கான்கிரீட் ஊற்றி, கம்பி வைத்து நிரப்பினால் நிலைமை தலைகீழாக மாறும். அப்படி முழுக்க நிரப்பிய 8 அங்குலச் சுவர், வழக்கமான ரைஃபிள் தோட்டாவைத் தடுத்து நிறுத்தக்கூடியது. கடினமான ஜல்லி தோட்டாவை நசுக்கித் திசை திருப்பும். கம்பி, விரிசல் பரவாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் உள்ளே உறுதியான எஃகுக் கூர்முனை கொண்ட கவசத் துளைப்புத் தோட்டாக்களுக்கும் .50-க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதிகள் கையில் இருந்தவை ஏகே ரகத் துப்பாக்கிகள். கொலாபாவில் உள்ள லியோபோல்ட் கஃபேவின் சுவரில் அந்தத் தோட்டாத் தடங்கள் இன்றும் இருக்கின்றன. அப்படி ஒரு சூழலில் முதல் வழி, அந்த இடத்தை விட்டு வெளியேறுவதுதான். அது முடியாதபோது ஹாலோ பிளாக் தடுப்புச் சுவரை விட, கம்பி கட்டிய கான்கிரீட் தூணோ லிஃப்ட் சுவரோ நல்ல மறைவு. சுவரில் சாய்ந்து நிற்காமல், சற்றுத் தள்ளித் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்வது தெறிக்கும் துண்டுகளிலிருந்தும் காப்பாற்றும்.