எழுத்தின் வடிவும் அளவின் பொருளும்: நினைவக ஆவணங்களில் ‘கிலோ’ முன்னொட்டின் வரலாறு

முன்னுரை

‘கிலோ’ என்னும் முன்னொட்டு அளவியலில் 1000 என்பதையும், கணினி நினைவக ஆவணங்களில் 1024 என்பதையும் குறித்து வந்துள்ளது. இவ்விரு பொருள்களையும் வேறுபடுத்த ஆவண மரபு மேற்கொண்ட வழிகளையும், அவை தமிழ் எழுத்தில் எதிர்கொள்ளும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இருபொருளின் தோற்றம்

நினைவகம் இரும எண்முறையில் முகவரியிடப்படுகிறது. பத்து முகவரித் தடங்களைக் கொண்டு 2-இன் பத்தாம் அடுக்கான 1024 இடங்களைச் சுட்டலாம். இவ்வெண் 1000-க்கு அருகில் இருந்தமையால், ‘கே’ என்னும் ஆங்கில எழுத்தே இதற்கும் வழங்கலாயிற்று. ஐபிஎம் சிஸ்டம்/360 கணினியின் கட்டமைப்பு குறித்து ஆம்டால், பிளாவ், புரூக்ஸ் ஆகியோர் 1964இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வழக்கைக் காணலாம். 1968இல் டொனால்ட் மாரிசன் 1024-ஐக் குறிக்கக் ‘காப்பா’ என்னும் கிரேக்க எழுத்தைப் பரிந்துரைத்தார், அது நிலைபெறவில்லை.

எழுத்து வடிவின் எல்லை

சிறிய ‘கே’ 1000-ஐயும் பெரிய ‘கே’ 1024-ஐயும் குறிக்கும் என்னும் மரபு ஆவணங்கள் சிலவற்றில் பின்பற்றப்பட்டது. ஆனால் இதனை அடுத்த அளவுகளுக்கு நீட்டிக்க இயலவில்லை. ‘மெகா’வின் குறியீடு முன்பே பெரிய ‘எம்’. சிறிய ‘எம்’ ‘மில்லி’க்கு உரியது. ‘ஜிகா’வின் குறியீடும் பெரிய எழுத்தே. இரு கணக்குகளுக்கும் இடையிலான வேறுபாடோ கிலோவில் 2.4 விழுக்காடு, மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் ஏறத்தாழ 10 என வளர்கிறது. வேறுபாடு மிகுந்த இடங்களில் எழுத்து வடிவம் உதவவில்லை. ‘1.44 மெகாபைட்’ நெகிழ்வட்டு இதற்குச் சான்றாகும். அதன் கொள்ளளவு 14,74,560 பைட்டுகள். இங்கு ‘மெகா’ என்பது 1000-ஐ 1024-ஆல் பெருக்கிய கலப்பு அளவாகும்.

புதிய சொற்களும் தமிழ் எழுத்தும்

1998 டிசம்பரில் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் இரும அடுக்குகளுக்கெனத் தனி முன்னொட்டுகளை ஏற்றது. கிலோ, மெகா, ஜிகா ஆகியவற்றின் முதல் அசையோடு ‘இருமம்’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் முதல் இரு எழுத்துகளைச் சேர்த்து இவை ஆக்கப்பட்டன. எனினும் குறைக்கடத்தித் துறையின் ஜெடெக் தரநிலை, நடைமுறை வழக்கு என்னும் அடிப்படையில், பழைய முன்னொட்டுகளின் 1024 பொருளையும் பதிவு செய்துள்ளது.

இச்சொற்களை ஒலிபெயர்க்கும்போது தமிழில் புதிய மயக்கம் தோன்றுகிறது. தமிழ் எழுத்து ககரத்தின் வல்லொலியையும் மெல்லொலியையும் தனித்தனியே காட்டுவதில்லை. ஆதலால் கிலோ வழிவந்த முன்னொட்டும் ஜிகா வழிவந்த முன்னொட்டும் ‘கிபி’ என ஒரே வடிவம் பெறுகின்றன. பின்னதை ‘ஜிபி’ என எழுதினால், ஜிகாபைட்டுக்கு வழங்கும் ‘ஜிபி’ என்னும் சுருக்கத்தோடு அது கலந்துவிடுகிறது. தமிழில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு இன்மையால் பழைய மரபையும் கைக்கொள்ள இயலாது.

முடிவுரை

நினைவக அளவை எழுத்து வடிவால் வேறுபடுத்தும் மரபு ஆங்கிலத்திலேயே முழுமை பெறவில்லை. அதற்கு மாற்றாக வந்த சொற்களை ஒலிபெயர்ப்பதும் தமிழில் பயன் தராது. ‘இருமக் கிலோபைட்’, ‘இரும ஜிகாபைட்’ எனப் பொருள் வெளிப்பட எழுதுவதும், முதல் வழக்கில் பைட் எண்ணிக்கையை உடன் தருவதும் தமிழ் வன்பொருள் ஆவணங்களுக்கு ஏற்ற நெறியாக அமையும்.