நீர், நிலம், லயம்: சுங்கை வே வட்டாரத்தின் குடியிருப்பு வரலாறு

சுங்கை என்னும் மலாய்ச் சொல் ஆற்றைக் குறிக்கும். சுங்கை வே, சுங்கை பூலோ, சுங்கை பீசி எனக் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயர்களில் நீரே முன்நிற்கிறது. இங்கு வந்த தமிழர்தம் உடல்நலத்தை முதலில் சோதித்ததும் அந்நீரே.

1901 செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், சதுப்புநிலத்தில் திறக்கப்பட்டது. விரைவிலேயே மலேரியா மூண்டது. கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் மருந்தோடு அமையாது, காட்டைத் திருத்தி வடிகால் வெட்டச் செய்தார்; காய்ச்சல் தணிந்தது. ஆயின் குன்றுப்புறத் தோட்டங்களில் அதே முறை எதிராக முடிந்தது. கரையோரக் கொசு காட்டு நிழலில் பெருகுவது. குன்றுக் கொசுவோ வெயில்படும் தெளிந்த ஓடையில் பெருகுவது. மரங்களை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டதே நோயை வளர்த்தது. பின்னர் ஓடைநீர் மண்ணுக்கடியில் குழாய்வழிச் செலுத்தப்பட்டது. நிலத்தை அறியாமல் நலத்தைக் காக்க இயலாது என்பதைப் பால்மரத் தொழிலாளர் உயிர்கொடுத்து மெய்ப்பித்தனர்.

அவர்கள் வாழ்ந்த வரிசை வீடுகள் 'லயம்' எனப்பட்டன. 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு இது. குதிரை கட்டும் 'லாயத்தோடு' இதன் ஒலி நெருங்குவது தற்செயலே. எனினும் அவ்வீடுகளின் அளவை அறிந்தோர்க்கு அது பொருத்தமாகவே படும். லயத்தை நாம் போற்றிப் பாட வேண்டியதில்லை. ஆயினும் அங்கே முன்வாசல் இருந்தது, ஆயாக்கொட்டகை இருந்தது, கோயில் திடல் இருந்தது.

கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க 1950களில் எஃபிங்காம் ரப்பர்த் தோட்டத்தில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. 1970களில் சுங்கை வே தடையற்ற வாணிப மண்டலம் ஆலைகளைக் கொணர்ந்தது. வேலை நாடித் தோட்டங்களை விட்டு வந்தோர் பலருக்குப் புறம்போக்கு நிலமே புகலிடம். வடிகாலும் திடலும் போதாத அந்நெரிசலில், 2001 மார்ச்சில், அருகிலுள்ள கம்போங் மேடானில் மூண்ட கலவரம் ஆறு உயிர்களைக் கொண்டது. அதற்கு இனப்பகை என்று மட்டும் பெயரிடுவது எளிது. நெருக்கமும் வறுமையும் அதில் கொண்ட பங்கை நாம் ஒதுக்கலாகாது.

புறம்போக்குவாசிகளுள் பலர் பின்னர் டேசா மெந்தாரி போன்ற மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டனர். கூரை உறுதியானது, குழாய்நீர் வீட்டுக்குள் வந்தது. மின்தூக்கி பழுதானால் முதியோர் வீட்டிலேயே அடைபடுவர். பிள்ளைகள் ஆடுவதற்கு வாகன நிறுத்துமிடமே மிஞ்சும். லயத்தில் 'வாசல்' என்றால் கோலமிடும் முற்றம். அடுக்குமாடியில் அச்சொல் கதவை மட்டுமே குறிக்கிறது.