ஆளில்லாத் தீவுகளா, ஆளிழந்த தீவுகளா?

தென் அந்தமானின் தென்மேற்குக் கரையிலுள்ள வண்டூரிலிருந்து மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் படகுகள் புறப்படுகின்றன. 1983-இல் அமைக்கப்பட்ட இப்பூங்கா 15 தீவுகளையும் சுமார் 281 சதுர கிலோமீட்டர் பரப்பையும் கொண்டது. பார்வையாளர்களுக்காக ஜாலி பாய், ரெட் ஸ்கின் ஆகிய இரு தீவுகள் ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் மாறி மாறித் திறக்கப்படுகின்றன. பவளப்பாறைகளுக்கு ஓய்வளிப்பதே இதன் நோக்கம். நெகிழிப் பொருள்களுக்கு அங்கு அனுமதியில்லை.

இத்தகைய தீவுகளை ‘மனிதக் காலடி படாதவை’ என வருணிப்பது சுற்றுலா எழுத்தின் வழக்கம். வரலாறு அவ்வருணனையை ஏற்பதில்லை. தென் அந்தமானின் கடலோரங்கள் ஆக்கா-பேயா மொழி பேசிய மக்களின் வாழ்நிலம். அந்தமான் மக்கள் உண்டு எறிந்த சிப்பிகள் குவிந்து உருவான மேடுகளுள் பழையவை 2,000 ஆண்டுகளைக் கடந்தவை. பூங்காவை அடுத்துள்ள ரட்லாந்து தீவில் ஜாங்கில் என்னும் இனத்தார் வாழ்ந்தனர். 1920-களுக்குள் அவர்கள் அடியோடு மறைந்துவிட்டனர்.

1858-இல் ஆங்கிலேயர் அமைத்த கைதிகள் குடியேற்றமே திருப்புமுனை. அதனுடன் வந்த நோய்களை எதிர்க்கும் ஆற்றல் தீவு மக்களின் உடலில் இல்லை. 1877-இல் பரவிய தட்டம்மை பலரைக் கொன்றது. ஆக்கா-பேயா உள்ளிட்ட பத்துக் குழுக்களை உள்ளடக்கிய பெரிய அந்தமானியரின் தொகை 1901-இல் 625, 1931-இல் 90, 1961-இல் 19.

அவர்களுடன் மறைந்த மொழியின் அமைப்பு வியப்புக்குரியது. அதன் முன்னொட்டுகள் உடலுறுப்புகளை அடிப்படையாகக் கொண்டவை. ‘பேரிங்கா’ என்றால் நல்லது. கையைக் குறிக்கும் ‘உன்’ சேர்ந்தால் கைத்திறன் மிக்கவர். கண்ணைச் சார்ந்த ‘இக்’ சேர்ந்தால் கூரிய பார்வையுடையவர். வாயைச் சார்ந்த ‘ஆக்கா’ சேர்ந்தால் மொழித்திறன் உடையவர். மொழியின் பெயரிலேயே வாய் இருக்கிறது. இவற்றை நாம் அறிவது போர்ட்மன், மேன் என்னும் குடியேற்ற அதிகாரிகளின் பதிவுகளால். மேனின் அகராதி 1923-இல் நூலாக வெளிவந்தபோது, அம்மொழியைப் பேசுவோர் ஏறக்குறைய எவரும் எஞ்சியிருக்கவில்லை.

வரைபடமும் இதையே காட்டுகிறது. செஸ்டர், ஹாப்டே, அலெக்ஸாண்ட்ரா எனப் பூங்காத் தீவுகள் பல ஆங்கிலப் பெயர்களையே தாங்குகின்றன. 2018-இல் வேறிடத்திலுள்ள ஹேவ்லாக், நீல் தீவுகள் முறையே ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் ஆயின. குடியேற்றப் பெயர்கள் நீங்கின. ஆயினும் அந்தமானியச் சொல் திரும்பவில்லை.

பவளத்தைக் காக்கும் விதிகள் தேவையானவை; அவற்றில் குறை காண இடமில்லை. ஆனால் அதே கடற்பரப்பை ‘ஆளில்லாதது’ என்று எழுதும்போது, ஒரு வரலாற்று இழப்பு இயற்கையின் இயல்பாகத் தோற்றம் பெறுகிறது. ‘ஆளிழந்தது’ என்பதே பொருத்தமான சொல். வண்டூர் படகுத்துறையில் பவளங்களின் பெயர்களோடு ஆக்கா-பேயா என்னும் பெயரும் பார்வையாளருக்குச் சொல்லப்பட வேண்டும்.