மன்னனுக்கு முன் வந்த கணக்குப்பிள்ளை

மனித இனம் முதன்முதலில் எழுதிவைத்த பெயர் யாருடையதாக இருக்கும்? மாமன்னன்? மகாகவி? அதெல்லாம் இல்லை... அநேகமாக ஒரு கணக்குப்பிள்ளை!

சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு களிமண் பலகை. இன்றைய இராக்கின் தெற்கே வாழ்ந்த சுமேரியர்களுடையது. அதில் இருக்கும் விஷயம் இவ்வளவுதான்: 29,086 அளவு பார்லி, 37 மாதங்கள், ‘குஷிம்’. அது ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்று ஆய்வாளர்கள் இன்னமும் மல்லுக்கட்டுகிறார்கள். எழுத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய பெயர்களில் அதுவும் ஒன்று!

அங்கே மழை என்பது பேருக்குத்தான். டைக்ரிஸ், யூஃப்ரடீஸ் நதிகளை நம்பித்தான் பிழைப்பு. அந்த நதிகளோ, பயிர் முற்றி அறுவடைக்கு நிற்கும் வசந்த காலத்தில் வெள்ளமாகப் பொங்கிவரும்! (எகிப்தின் நைல் ரொம்ப சமர்த்து. அறுவடை முடிந்தபிறகுதான் வெள்ளம்.) கரை கட்டணும், கால்வாய் வெட்டணும், தூர் வாரணும். தனி ஆள் செய்யற காரியமா? ஊரே கூட வேண்டியிருந்தது. ஊர் கூடினால் மேஸ்திரி வேண்டாமா? கோயிலும் அரண்மனையும் மெள்ள அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தன.

அதற்கு பார்லியும் ஒத்துழைத்தது! எல்லாக் கதிரும் ஒரே பருவத்தில் முற்றும். காயவைத்தால் கெடாது. அளக்கலாம், பூட்டி வைக்கலாம், பங்கும் கேட்கலாம். மண்ணுக்கடியில் கிழங்கை வைத்திருப்பவனிடம் அப்படி வரி வசூலிக்க முடியுமா, சொல்லுங்கள்!

களஞ்சியம் பெருத்தது. மனக்கணக்கு போதவில்லை. கணக்குக்காகவே எழுத்து பிறந்தது. கவிதையெல்லாம் ரொம்பப் பிற்பாடு!

வரவை எழுதிய கை, கடனையும் எழுதியது. பார்லிக் கடனுக்கு அங்கே வழக்கமான வட்டி எவ்வளவு தெரியுமா? மூன்றில் ஒரு பங்கு! விளைச்சல் பொய்த்தால் பெற்ற பிள்ளையைக் கடன் கொடுத்தவன் வீட்டுக்கு வேலைக்கு அனுப்ப வேண்டியதுதான். கி.மு. 2400 வாக்கில் லகாஷ் நகர மன்னன் என்மெடெனா இந்தக் கடன்களை ரத்து செய்து, பிள்ளைகளைத் தாயிடம் திருப்பி அனுப்பினான். அதற்கு சுமேரிய மொழியில் ‘அமர்கி’ என்று பெயர். நேர்ப்பொருள், ‘தாயிடம் திரும்புதல்’. விடுதலையைக் குறிக்க எழுதப்பட்ட சொற்களில் நாம் அறிந்த மிகப் பழைய சொல் இதுவே!

அடுத்த நூறாண்டுக்குள் அக்காட்டிலிருந்து சார்கோன் புறப்பட்டான். சுமேரிய நகரங்களை ஒவ்வொன்றாக வீழ்த்தி, உலகின் முதல் பேரரசு என்று பலரும் சொல்லும் ஒன்றை உருவாக்கினான். அவனுடைய கல்வெட்டு ஒரு பெருமை பேசுகிறது. தினமும் அவன் முன்னிலையில் 5,400 பேர் சாப்பிட்டார்களாம்! உழாமல், விதைக்காமல் அரசனுக்காகவே வாழ்ந்த கூட்டம். பெரும்பாலும் படைவீரர்களாக இருக்கலாம்.

சரி, அத்தனை பேருக்கும் தானியம் விளைவித்தவர்கள்? அவர்களைப் பற்றி அந்தக் கல்வெட்டு மூச்சு விடவில்லை!