மால்டா: அடுக்களையில் பிழைத்த மொழி

ஒரு சின்னப் புதிர். மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஆனால் கடவுளை 'அல்லா' என்றுதான் அழைக்கிறார்கள். ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்துக்கு 'ரந்தான்' என்று பெயர். ரமலான் என்ற சொல்தான் அப்படி மருவியிருக்கிறது. எந்த நாடு இது?

மால்டா! சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவில் இருக்கிறது. மால்டா, கோஸோ, கொமினோ எல்லாம் சேர்ந்தே 316 சதுர கிலோமீட்டர்தான். நம் சென்னை மாநகராட்சியை விடச் சிறியது. வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. எங்கு பார்த்தாலும் தேன் நிறச் சுண்ணாம்புக்கல். கோஸோவில் அந்தக் கல்லால் கட்டிய பழங்காலக் கோயில்கள் எகிப்தின் பிரமிடுகளுக்கும் மூத்தவை.

நிற்க. எனக்கு இந்தத் தீவின் மேல் ஆர்வம் வந்தது அதன் மொழியால்தான்.

870இல் அரேபியர்கள் தீவைப் பிடித்தார்கள். 1091இல் நார்மன்கள் வந்தார்கள். நாளடைவில் மதம் மாறியது, மொழி மாறவில்லை. 1530இல் செயின்ட் ஜான் அமைப்பின் மதவீரர்கள் கைக்குத் தீவு போனது. வாடகை என்ன தெரியுமா? வருடத்துக்கு ஒரு வல்லூறு! 1798இல் நெப்போலியன், 1800இல் ஆங்கிலேயர். ஆள வந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நீதிமன்றத்திலும் படித்தவர்கள் மத்தியிலும் இத்தாலிய மொழிக்குத்தான் மதிப்பு. மால்டீஸ் வீட்டிலும் வயலிலும் படகிலும் பேசுகிற மொழி, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் 15ஆம் நூற்றாண்டிலேயே பீட்டர் கஷாரோ என்பவர் மால்டீஸில் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். ஒரு நோட்டரியின் பதிவேட்டுக்குள் கிடந்த அது 1966இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மிக்கேல் அந்தோன் வசாலி 1796இல் அகராதி வெளியிட்டார். அரசியல் காரணங்களால் நாடு கடத்தப்பட்டு, பல வருடம் கழித்துத் திரும்பி, 1825இல் பல்கலைக்கழகத்தின் முதல் மால்டீஸ் பேராசிரியர் ஆனார். அதுவரை இத்தாலிய மொழியில் எழுதி வந்த பாதிரியார் டுன் கார்ம், 1912இல் தாய்மொழியிலும் எழுதத் தொடங்கினார். இன்றைய தேசிய கீதம் அவருடையதுதான்.

1924இல் எழுத்தாளர்கள் கூடி எழுத்துமுறையை ஒழுங்கு செய்தார்கள், ரோமன் எழுத்தில். பத்தே வருடத்தில், 1934இல், ஆங்கிலத்தோடு மால்டீஸும் ஆட்சிமொழி. இத்தாலியன் அந்த இடத்தை இழந்தது. இதில் ஆங்கிலேயருக்கும் ஒரு கணக்கு இருந்தது. முசோலினியின் இத்தாலி அவர்களுக்கு உறுத்தல். ஆனால் அகராதியும் இலக்கணமும் எழுத்தும் தயாராக இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் உட்கார வைக்க என்ன இருந்திருக்கும்? 1964இல் விடுதலை. 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளிலும் ஒன்று. சுமார் ஐந்து லட்சம் பேரின் மொழிக்கு!

இதை நான் எழுதக் காரணம், நம் வீடுகள். தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கும் நம் பிள்ளைகள் தமிழ் நன்றாகத்தான் பேசுகிறார்கள். "அம்மா, பசிக்குது" சுத்தத் தமிழ். ஆனால் கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் முழிக்கிறார்கள். என் வீட்டிலும் இதே கதைதான். "பேசினால் போதாதா?" என்று நாமும் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

பேச்சு மட்டும் இருந்த நூற்றாண்டுகளில் மால்டீஸ் சாகவில்லை, உண்மைதான். ஆனால் அடுக்களையைத் தாண்டி வரவும் இல்லை. எழுதப் படிக்க ஆள் வந்த பிறகுதான் வந்தது.

தினமும் பத்து நிமிடம், ஒரு பக்கம் தமிழ். எங்கள் வீட்டில் ஆரம்பித்துவிட்டோம். உங்கள் வீட்டில் எப்படி?