தோட்டத்து வீட்டுக்கு துப்பாக்கி வாங்கலாமா? லைசென்சு முதல் பயிற்சி வரை முழு விவரம்

ஈரோடு,

திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் 2024 நவம்பர் மாதம் தோட்டத்து வீட்டில் இருந்த அப்பா, அம்மா, மகன் 3 பேரும் படுகொலை செய்யப்பட்டனர். ஆறு மாசம் கூட ஆகவில்லை. 2025 மே மாத தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் தோட்டத்தில் தனியாக வசித்த வயதான தம்பதி வீட்டில் பிணமாக கிடந்தனர்.

அதற்கு பிறகு டீக்கடை, பால் சொசைட்டி, எங்கே போனாலும் ஒரு பேச்சு அடிபட்டது. "பேசாம ஒரு துப்பாக்கி வாங்கி வெச்சுட்டா என்னங்க?"

வாங்கலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் கடையில் காசு கொடுத்து டி.வி. வாங்குகிற மாதிரி வேலை இல்லை இது. வாங்கிய பிறகு வருகிற வேலைதான் அதிகம். அதை தெரிந்துகொண்டு இறங்கினால் நல்லது.

யாருக்கு கிடைக்கும்?

1959-ம் வருஷத்து ஆயுத சட்டமும், 2016-ல் வந்த ஆயுத விதிகளும்தான் இதற்கு அடிப்படை. விண்ணப்பிக்கிறவருக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். அடிதடி வழக்கில் தண்டனை பெற்றவர்கள், விடுதலையாகி 5 வருஷம் ஆகும் வரை கேட்க முடியாது. நன்னடத்தை பிணை எழுதி கொடுத்திருப்பவர்களுக்கும் அந்த கெடு முடியும் வரை கிடைக்காது. மனநிலை சரியில்லாதவர்களுக்கு அறவே கிடையாது.

"நாம கூலி வேலைக்காரங்க, நமக்கெல்லாம் எங்க கொடுப்பாங்க?" என்று நினைப்பவர்கள் ஒன்றை தெரிந்துகொள்ள வேண்டும். போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்சை மறுக்கக்கூடாது என்று அந்த சட்டத்தின் 14-வது பிரிவே சொல்கிறது. பார்க்க வேண்டியது உயிருக்கோ உடைமைக்கோ உண்மையான ஆபத்து இருக்கிறதா என்பதைத்தான். ஆள் நடமாட்டம் இல்லாத தோட்டத்து வீடு, நகை அடகு கடை, ராத்திரியில் வசூல் பணத்தோடு திரும்புகிற தொழில், ஏற்கனவே வந்த மிரட்டல் என்று உங்க காரணத்தை தெளிவாக எழுத வேண்டும். மிரட்டல் பற்றி முன்பே போலீசில் புகார் கொடுத்திருந்தால் அந்த ரசீதையும் சேர்த்து வைக்கலாம். "பாதுகாப்புக்காக" என்று ஒரு வரி மட்டும் எழுதினால் எடுபடாது.

குடகுக்காரர்களுக்கு லைசென்சே வேண்டாமாமே என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான். கர்நாடகாவில் குடகு இனத்தவருக்கும், அங்கே ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து அந்த விலக்கு உண்டு. அது அவர்களோடு சரி. நமக்கு பொருந்தாது.

எங்கே போக வேண்டும்?

போலீஸ் கமிஷனர் இருக்கிற நகரங்களில் கமிஷனர் அலுவலகம். மற்ற இடங்களில் கலெக்டர் அலுவலகம். ஏ-1 என்ற படிவம். வெள்ளை பின்னணியில் எடுத்த போட்டோ, வயது சான்று, ஆதார், முகவரி சான்று, எஸ்-3 என்ற படிவத்தில் டாக்டர் சான்று. உடம்பு மட்டுமில்லை, மனநிலையும் சரியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதி தர வேண்டும். துப்பாக்கியை பத்திரமாக பூட்டி வைப்பேன் என்று நீங்களும் ஒரு உறுதிமொழி எழுதி கையெழுத்து போட வேண்டும்.

அடுத்து போலீஸ் விசாரணை. அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். குடிக்கிற ஆளா, வரப்பு தகராறு ஏதாவது இருக்கிறதா, கோபக்காரரா என்று விசாரிப்பார்கள். இந்த அறிக்கையை 30 நாளில் கொடுக்க வேண்டும், அது வந்து 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. நடைமுறையில் கொஞ்சம் அலையத்தான் வேண்டியிருக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். 30 நாளுக்குள் அப்பீல் போகலாம்.

கிடைக்கும் லைசென்சு 5 வருஷத்துக்கு செல்லும். 2019-ல் சட்டத்தை திருத்தி 3 வருஷம் என்று இருந்ததை 5 ஆக்கினார்கள். அதே திருத்தத்தில், ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பதை 2 ஆக குறைத்துவிட்டார்கள். லைசென்சில் யு.ஐ.என். என்ற தனி அடையாள எண் இருக்கும். அந்த எண் இல்லாத பழைய லைசென்சு செல்லாது.

இந்த அலைச்சல் எதற்கு என்று கள்ளத்துப்பாக்கி பக்கம் போனால் கதை கந்தல். லைசென்சு இல்லாமல் வைத்திருந்தால் 2 வருஷத்தில் இருந்து 5 வருஷம் வரை ஜெயில். அதுவும் நாட்டு துப்பாக்கி, எப்போது வெடிக்கும், எந்த பக்கம் வெடிக்கும் என்று செய்தவனுக்கே தெரியாது.

எந்த துப்பாக்கி?

முதலில், 9 எம்.எம். பிஸ்டல், .38 ரிவால்வர், .303 ரைபிள் போன்றவை சாதாரண ஆட்களுக்கு கிடையாது. அவை தடை செய்யப்பட்ட ரகம். பொதுமக்களுக்கு கிடைப்பது .32 ரிவால்வர், .32 பிஸ்டல், 12 போர் துப்பாக்கி, .22 மற்றும் .315 ரைபிள் போன்றவைதான்.

இதில் .315 ரைபிளை வீட்டு பாதுகாப்புக்கு யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். அதன் குண்டு ஒரு கிலோமீட்டரை தாண்டியும் போகும். குறி தவறினால் அடுத்த ஊர்.

ரிவால்வர் பார்க்க சின்னது. உருளையில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று திறந்ததும் தெரிந்துவிடும். சிக்கல் குறைவு. ஆனால் விசையை இழுக்க விரலில் பலம் வேண்டும். குழல் குட்டையானது என்பதால் பழக்கம் இல்லாதவர் 20 அடிக்கு மேல் குறி வைப்பது கஷ்டம். விலையும் கையை கடிக்கும். பெண்களுக்காக என்று சொல்லி 2014-ல் கான்பூர் தொழிற்சாலை கொண்டுவந்த 'நிர்பீக்' ரிவால்வர் அரை கிலோ எடைதான். அப்போதே விலை ரூ.1 லட்சத்து 22 ஆயிரம்!

பிஸ்டலில் ஒரு ஆபத்து உண்டு. மேகசினை கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. உள்ளே குழலின் வாயில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். "காலி துப்பாக்கிதானே" என்று விளையாடி உயிர் போவது இப்படித்தான். மேகசினை எடுத்த பிறகு மேல் மூடியை பின்னால் இழுத்து, கண்ணால் பார்த்து, விரலை விட்டும் பார்க்க வேண்டும்.

தோட்டத்து வீட்டுக்கு பழைய ஆட்கள் விரும்புவது 12 போர் இரட்டை குழல்தான். அதில் நியாயமும் இருக்கிறது. நடுவில் மடக்கி திறந்தால் இரண்டு தோட்டாவும் கண் முன்னே தெரியும். ஓடி உடையும் பாகங்கள் குறைவு. திருச்சி துப்பாக்கி தொழிற்சாலையிலும் 12 போர் பம்ப் ஆக்சன் ரகம் செய்திருக்கிறார்கள். குறை என்னவென்றால் தோள்பட்டையை இடிக்கும். எழுபது வயதில் மூட்டுவலியோடு இருப்பவருக்கு இது சரிப்படுமா என்று யோசிக்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால் கையில் தூக்கி, தோளில் வைத்து, விசையை விரல் எட்டுகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

"ரவை துப்பாக்கிக்கு குறியே வேண்டாம், சுட்டா பரவிக்கும்" என்று சொல்பவர்களும் உண்டு. சினிமா பார்த்து சொல்வது. ஒரு ரூமுக்குள்ளே பத்து பதினைந்து அடி தூரத்தில் ரவை உள்ளங்கை அகலத்துக்குத்தான் விரியும். குறி வைக்கத்தான் வேண்டும்.

பயிற்சி இல்லாமல் வேண்டாம்

அனுபவம் உள்ளவர்கள் அடித்து சொல்வது இதைத்தான். பயிற்சி இல்லாதவன் கையில் இருக்கிற துப்பாக்கி, வந்தவன் கைக்கு போக ரொம்ப நேரம் ஆகாது. 2016 விதிகளிலேயே பயிற்சிக்கு தனி பாடத்திட்டம் இருக்கிறது. பத்திரமாக கையாளுவது, சுடுவது, துடைத்து வைப்பது, எடுத்து செல்வது எல்லாம் சொல்லி கொடுத்து எஸ்-1 என்ற சான்றிதழ் தருவார்கள். கோவை, சென்னையில் ரைபிள் கிளப்கள் இருக்கின்றன. துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே அங்கே போய் பழகி பார்ப்பது புத்திசாலித்தனம். பிடிக்கவில்லை, கை நடுங்குகிறது என்றால் காசாவது மிச்சம்.

முதல் நாள் சொல்லி தருவதே கடைசி வரைக்கும் பாடம். எந்த துப்பாக்கியையும் தோட்டா இருக்கிற துப்பாக்கியாகவே நினைக்க வேண்டும். சுட விரும்பாத எதையும் நோக்கி குழலை திருப்பக்கூடாது, விளையாட்டுக்கு கூட. குறி பார்த்து சுட முடிவு எடுக்கும் வரை விரல் விசைக்கு வெளியே. குறிக்கு பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். நம்ம ஊர் வீடுகளுக்கு இந்த கடைசி பாடம் ரொம்ப முக்கியம். ஆஸ்பெஸ்டாஸ் தடுப்பு, ஓலை, தகரம் எதுவும் குண்டை நிறுத்தாது. அந்தப்பக்கம் மாட்டு கொட்டகையா, பேரப்பிள்ளை தூங்குகிற ரூமா?

இருட்டு பழக்கமும் தேவை. ராத்திரி கதவு தட்டுகிற சத்தம் கேட்டதும் சுடுவது பயிற்சி இல்லை, பயம். முதலில் வெளிச்சம், பிறகு குரல், "யாரு?" என்று கேட்க வேண்டும். வந்தது குடித்துவிட்டு வழி மாறிய பங்காளியாகவும் இருக்கலாம், வெளியூரில் இருந்து சொல்லாமல் வந்த சொந்த மகனாகவும் இருக்கலாம்.

வீட்டில் பழக டம்மி தோட்டா போதும். எடுப்பது, திறப்பது, மூடுவது, குறி பார்ப்பது என்று தினம் பத்து நிமிஷம். அசல் தோட்டா அந்த ரூமிலேயே இருக்கக்கூடாது. கிளப்பில் சுடும்போது காதுக்கு அடைப்பு கட்டாயம். குறி பழக ஏர் கன் நல்லது. .177 அளவுக்குள், வேகம் குறைந்த ரகத்துக்கு லைசென்சு தேவையில்லை. ஆனால் அதை காட்டி கொள்ளைக்காரனை மிரட்டலாம் என்று கணக்கு போடாதீர்கள். குருவி, முயல் அடித்தால் வனத்துறை கேசு வேறு.

பூட்டு ரொம்ப முக்கியம்

துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில். சாவி வீட்டில் ஒருவரிடம் மட்டும். தலையணைக்கு அடியில், பீரோ மேலே, அரிசி டிரம்முக்குள் என்பதெல்லாம் கூடாது. குழந்தைகளுக்கு நீங்க ஒளித்து வைத்த மிட்டாய் டப்பா தெரியும். இது தெரியாதா?

தமிழ்நாட்டில் அதிகம் பேசப்பட்ட துப்பாக்கி சூடு 1967 ஜனவரி 12-ந் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டதுதான். அங்கே சுவர் ஏறி குதித்த திருடன் யாரும் கிடையாது. ஒருவரை ஒருவர் நன்றாக தெரிந்தவர்கள். வீட்டில் தண்ணி போடுகிறவர் இருந்தாலோ, மனசு ஒடிந்து போய் யாராவது இருந்தாலோ, அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை தகராறு நடந்தாலோ, துப்பாக்கி ஆசையை தள்ளி வைப்பதே மேல்.

எப்போது சுடலாம்?

தற்காப்பு உரிமை முன்பு இந்திய தண்டனை சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும், கற்பழிப்பு, கடத்தல், ஆசிட் வீச்சு நடக்கும் என்ற நியாயமான பயம் இருந்தால் எதிராளி உயிர் போனாலும் அது தற்காப்பு. கொள்ளை, ராத்திரியில் வீட்டை உடைத்து நுழைவது, குடியிருக்கிற வீட்டுக்கு தீ வைப்பது இவற்றுக்கும் பொருந்தும். ஆனால் தேவைக்கு மேல் போகக்கூடாது. போலீசை கூப்பிட நேரம் இருந்தால் கூப்பிட வேண்டும். தேங்காயை திருடிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் நீங்கதான் கொலை குற்றவாளி.

2010-ல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு, உயிருக்கு பயந்து நிற்பவன் தராசு வைத்து அளந்து திருப்பி அடிப்பான் என்று எதிர்பார்க்க முடியாது என்ற கருத்தை சொன்னது. அதே தீர்ப்பில், பழி வாங்க இந்த உரிமை கிடையாது என்றும் சொன்னது.

சுட நேர்ந்துவிட்டால் உடனே 100 அல்லது 112-க்கு போன். ஆம்புலன்சும் கூப்பிட வேண்டும், விழுந்தவன் திருடனாகவே இருந்தாலும். எதையும் தொடாமல், துடைக்காமல் விட்டுவிட வேண்டும். துப்பாக்கியை போலீசார் எடுத்துச் செல்வார்கள். வழக்கு முடியும் வரை அது கோர்ட்டு சொத்து.

இன்னொன்று. கிடா வெட்டு, கல்யாணம் என்று வானத்தை பார்த்து சுட்டு ஆட்களுக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 வருஷம் வரை ஜெயில் அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கும்.

தேர்தல் வந்தால்?

பொதுவாக தேர்தல் அறிவித்ததும் லைசென்சு துப்பாக்கிகளை போலீஸ் நிலையத்திலோ, துப்பாக்கி கடையிலோ ஒப்படைக்க சொல்வார்கள். 2024 பார்லிமெண்ட் தேர்தலை மார்ச் 16-ந் தேதி அறிவித்தார்கள். ஓட்டு எண்ணிக்கை ஜூன் 4-ந் தேதி. ஒப்படைத்தவர்களுக்கு அந்த இரண்டரை மாசமும் தோட்டத்து வீட்டில் துணை நாயும் டார்ச் லைட்டும்தான். அதனால் துப்பாக்கி இருக்கிறது என்று கேமரா, வாசல் விளக்கு, இரும்பு கதவு, நாய் இவற்றை விட்டுவிடக்கூடாது. மிளகாய் ஸ்பிரேவுக்கு லைசென்சு வேண்டாம், அதுவும் கையில் இருக்கட்டும்.

அப்பாரு காலத்து துப்பாக்கி பரணில் கிடக்கிறதா? லைசென்சு வைத்திருந்தவர் இறந்துவிட்டால், அந்த லைசென்சை வைத்து மகனோ பேரனோ அதை தொட முடியாது. உடனே போலீஸ் நிலையத்திலோ லைசென்சு பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு. 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவரை குறிப்பிட்டு அவர் பெயருக்கு கேட்கலாம்.