'பிரைவேட்' என்று எழுதிய பெட்டி

உங்க போன்ல ஒளிச்சு வச்ச ஃபோட்டோ ஃபோல்டர் இருக்கா? என்கிட்ட இருக்கு. அதனாலதான் மரீ ஹோக், போலெட்டே பெர்க் கதையைப் படிச்சப்போ பதறிட்டேன்.

நார்வேயில ஹோர்டன்னு ஒரு கடற்படை ஊர். 1895-ல இவங்க ரெண்டு பேரும் அங்கே ஒரு ஸ்டுடியோ நடத்த ஆரம்பிக்கிறாங்க. ஊர்க்காரங்களுக்கு எடுத்துக் கொடுத்தது வழக்கமான போர்ட்ரெயிட்தான். தங்களுக்குன்னு எடுத்துக்கிட்டது வேற. ஒரு படத்துல மரீ ஆண் உடையில, மீசையோட. இன்னொண்ணுல துருவப் பயணி மாதிரி ரோம உடையில. எனக்குப் பிடிச்சது, ஸ்டுடியோவுக்குள்ளயே படகுல ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்கிற படம்.

மரீ பெண்களோட ஓட்டுரிமைக்காகவும் போராடினவர். அது தனி எபிசோட்.

ரெண்டு பேரும் இறந்து பல வருஷம் கழிச்சு, 1980-களில், அவங்க வாழ்ந்த பண்ணையில சுமார் 440 கண்ணாடி நெகட்டிவ்கள் கிடைச்சது. சில பெட்டிகள் மேல 'பிரைவேட்'னு எழுதியிருந்தது. இப்போ அவை ஹோர்டன்லயே, பிரெயுஸ் மியூசியத்துல இருக்கு.

மரீ திருநம்பியா, லெஸ்பியனா? இன்றைய சொல் எதையும் நான் அவங்க மேல ஒட்டமாட்டேன். 'பிரைவேட்'னு எழுதினதை நாம பார்க்கலாமாங்கிற கேள்வியும் உறுத்தத்தான் செய்யுது. ஆனா கண்ணாடிங்க அது! கீழே போட்டா முடிஞ்சது. 1903-ல தலைநகருக்கு, அப்புறம் பண்ணைக்குன்னு வீடு மாறினப்பவும், அத்தனை கனத்தையும் உடையாம தூக்கிட்டுப் போயிருக்காங்க.